நாத்தனார் செய்த செயலி

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் கல்லூரிக் கணினிப் பிரிவில் அடுத்தடுத்த மேசை. வீட்டிலும் ஒரே கூரை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நாத்தனார் செய்த செயலியைக் கல்லூரி முதல்வர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். படிப்பிலோ மனசிலோ தடுமாறும் மாணவர்கள், ஆலோசகரிடம் பேச போனிலேயே நேரம் கேட்கலாம். இதே வேலைக்காகப் போன வருடம் அண்ணியும் ஒன்று செய்திருந்தாள். மாணவர்கள் இறக்கிய வேகத்தில் அழித்துவிட்டார்கள். அதைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

புதிய செயலியைச் சோதித்து அறிக்கை தரும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது.

"அண்ணி, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. பிரிச்சு மேஞ்சிடுங்க," என்றாள் நாத்தனார், வெள்ளந்தியாக.

'மேயத்தானே போறேன்' என்று அண்ணி மனசுக்குள் கறுவிக்கொண்டாள். கீறல் விழுந்த பழைய போனாகத் தேடி எடுத்தாள். எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும் மாணவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டாள். அவர்களோ காரணம் கேட்ட இடத்தில் 'சும்மா' என்று தட்டிவிட்டு, சடசடவென்று முடித்துக் கிளம்பினார்கள்.

கடைசியாக வந்தவள் விடுதி மாணவி. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள். போனைக் கையில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சோதனையில் உதவக் கூடாது. 'மாட்டினாடி நாத்தனார்' என்று அண்ணி பேனாவைத் திறந்தாள்.

"மேடம், இதை அனுப்பினா நிஜமாவே யாராவது படிப்பாங்களா?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். 'வகுப்புக்குப் போகவே பிடிக்கல. சாப்பாடு இறங்கல. வீட்டுல சொல்ல பயமா இருக்கு.'

"இது சோதனைக்கு வச்சதும்மா. யாருக்கும் போகாது."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. அண்ணி சட்டென்று எழுந்தாள். "ஆனா நான் படிச்சிட்டேனே. எழுந்திரு, ரெண்டு பேருமா போவோம்."

ஆலோசகர் அறைக்குள் அவளை அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். தன் செயலியில் காரணம் எழுதும் இடத்துக்கு வர எத்தனை கேள்வி, எத்தனை பட்டியல்! இந்தப் பெண் பாதியிலேயே போனைக் கீழே வைத்திருப்பாள்.

'உடனே வெளியிடலாம். ஆனால் யார் படிப்பார்கள், எப்போது பதில் வரும் என்று ஒரு வரி சேர்த்தாக வேண்டும்' என்று அறிக்கை எழுதினாள். இரண்டாம் வாக்கியத்தை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள். அக்கறை பாதி, ஆற்றாமை பாதி.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீடு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அண்ணி சொன்னது எனக்குத் தோணவே இல்லண்ணா!"

கணவன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். "உனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமையே இல்லையே!"

"யார் சொன்னா? வயிறு பத்திக்கிட்டு எரியுது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து அவளும் சிரித்தாள்.