கொத்தனார் தூங்கிவிட்ட நேரம்

இந்தக் காலத்தில் ஜெபம் பண்ணக்கூட மெத்தை வைத்த நாற்காலி கேட்கிறார்கள். ஒரு கையில் போன், மறு கையில் காப்பி, கண்ணை மூடி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஆண்டவர் என்ன இவர்கள் வீட்டு வேலைக்காரரா? நினைக்க நினைக்கக் கொத்தனாருக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரி ஜெப அறையின் வெறும் தரையில் அவர் முழங்காலிட்டிருந்தார். வயிற்றில் கட்டி என்று அவருடைய ஒரே மகளைக் காலையில்தான் ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் வெளியே வரும்வரை முட்டியை எடுப்பதில்லை, கண் அசருவதில்லை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தான் அசந்தால் மகள் கையைவிட்டுப் போய்விடுவாள் என்பது அவர் கணக்கு. பல நாளாகவே அவருக்குத் தூக்கம் கிடையாது.

பின்னால் பெஞ்சில் மருமகன் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன்.

“பொண்டாட்டி உள்ள கத்திக்குக் கீழ கிடக்குறா. உனக்குப் பன்னு எறங்குதா?”

“பசிக்குது மாமா. அவளைத்தான் காலையிலேயே ஆண்டவர் கையில ஒப்படைச்சுட்டேனே.”

“ஒப்படைச்சியா? அவ என்ன உன் லாரி சரக்கா, எறக்கிட்டுக் கையைத் தட்டிட்டுப் போறதுக்கு?”

“நீங்களும் கொஞ்சம் உட்காருங்க. முட்டி வீங்கிப்போச்சு. முட்டியைப் பார்த்தா அவர் இரங்குறாரு?”

“பின்ன, உன் பன்னைப் பார்த்தா? ஓசியில எதையும் வாங்கினவன் இல்லடா நான். கூலி வேணும்னா வேலை செய்யணும். அவர்கிட்டயும் அப்படித்தான்.”

மருமகன் மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டான். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். பாதி ஜெபத்தில் சொன்னதையே சொன்னார். அப்புறம் நெற்றி முன் பெஞ்சில் போய் முட்டியது.

யாரோ தோளைத் தொட்டார்கள். பார்த்தால், தரையில் நீட்டிப் படுத்திருக்கிறார். தலைக்கடியில் மருமகனின் சுருட்டிய துண்டு.

“மாமா, முடிஞ்சுது. நல்லா இருக்கா. கண்ணு முழிச்சுட்டா.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

“பாவி, என்னை ஏன்டா எழுப்பல?”

“நடுவுல ரத்தம் நிக்காம டாக்டரே பயந்துட்டாராம். அப்ப நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க.” அவன் சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

கொத்தனாருக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. முட்டுக் கொடுத்து நின்றவன் நகர்ந்துவிட்டான், கூரையோ விழவே இல்லை. அப்படியானால் இத்தனை காலமும் தான் தாங்கிப் பிடித்தது எதை?

வார்டில் மகள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். “தூங்கினீங்களாப்பா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தூங்கித் தொலைச்சேன்.”

அவளுடைய உலர்ந்த உதடு விரிந்தது. “உள்ள போறப்ப அதைத்தான் கேட்டேன். எங்கப்பா கொஞ்சம் தூங்கட்டும் ஆண்டவரேன்னு.”

“கத்தி உன் வயித்துல, வேண்டுதல் என் தூக்கத்துக்கா? கிறுக்கா உனக்கு?”

“அவர் கூலி குடுக்குறவர் இல்லப்பா. சும்மாதான் தர்றாரு. உங்களுக்கு வாங்கிக்கத்தான் தெரியல.”

“சும்மா தர்ற ஆளை நான் இந்த உலகத்துல பார்த்ததில்ல.”

அவள் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டுத் திரும்பி நடந்தார். அடிக்கு அடி முட்டி வலித்தது. “சும்மாவாம், சும்மா!” என்று முணுமுணுத்துக்கொண்டே, ஜெப அறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனார்.