அரளிக்கு ஊற்றும் தண்ணீர்

காலை ஆறரைக்குள் பொன்னியம்மாள் நாற்பது அரளிச் செடிகளுக்குக் களை பிடுங்கி முடித்திருந்தாள். சென்னை – பெங்களூர் சாலையின் நட்டநடுவே, ஆறடி அகல மண்ணில் குந்தியபடி செய்யும் வேலை. இந்தப் பக்கமும் லாரி, அந்தப் பக்கமும் லாரி. டயர் கிளப்பிய புழுதி வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் பிசுபிசுத்தது.

கூரம் பக்கத்துப் பெண்கள் ஒன்பது பேரை காண்ட்ராக்டர் தர்மனின் வேன் விடிகாலையில் இங்கே இறக்கிவிடும். மாலை ஐந்துக்குத்தான் மறுபடி வரும். சாலை நாலு வழியாக இருந்தவரை அங்கங்கே கடந்துபோக இடைவெளி இருந்தது. ஆறு வழியானதும் அடைத்துவிட்டார்கள். நல்ல சாலைதான், யார் இல்லையென்றது? காஞ்சிபுரத்துப் பட்டு ஒன்றரை மணி நேரத்தில் தி.நகர் போய்ச் சேர்கிறது. இந்தப் பெண்களால் நாற்பது அடி தள்ளியிருக்கும் புதர் மறைவுக்குப் போக முடியவில்லை. அதனால் முதல்நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அரளிக்கு மட்டும் தினமும் தண்ணீர் லாரி வந்தது.

அன்று அவர்களில் ஒருத்தியான துளசியால் அடக்க முடியவில்லை. ஓடினாள். ஒரு கார் அவள் முழங்காலை உடைத்துவிட்டு நிற்காமல் போனது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போயிற்று.

மாலையில் வேனோடு தர்மனும் வந்தான்.

"அவள யாரும்மா ரோட்டத் தாண்டச் சொன்னது? ஸ்பாட்ட விட்டுப் போனா நான் பொறுப்பில்ல."

"ஒண்ணுக்குப் போவ எங்கப்பா போறது?" என்றாள் பொன்னியம்மாள். "ரெண்டு மணிக்கொருதரம் வண்டி அனுப்பு. பெட்ரோல் பங்க்குக்குக் கூட்டிக்கினு போயி வுடட்டும்."

"டீசல் யார் ஊத்துவா? இஷ்டமில்லன்னா வேலைய வுட்டு நின்னுக்கோங்க. மாகறல்லேர்ந்து ஆள் வரத் தயாரா இருக்குது."

எல்லோருக்கும் ஆத்திரம் இருந்தது, அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். வேன் நகர்ந்தபின் பக்கத்திலிருந்த சத்யப்ரியா பொன்னியம்மாளிடம் மெல்லக் கேட்டாள்.

"யக்கா, நம்மள இறக்க எவ்ளோ நேரம் ஆவுது?"

"ஒரு நிமிசங்கூட ஆவாது. நின்னா பின்னாடி ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்களே."

"நாளைக்கு இறங்காம உக்காந்துக்கினா?"

மறுநாள் விடிகாலையில் வேன் மையத்தடுப்பை ஒட்டி நின்றது. கதவு திறந்தது. எட்டுப் பேரும் அசையவில்லை. பின்னால் ஒரு லாரி பிரேக் போட்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. முன்சீட்டிலிருந்த தர்மன் திரும்பினான்.

"இறங்குங்கம்மா. இடிச்சிடப் போறான்."

"பயமா இருக்குதாப்பா?" என்றாள் பொன்னியம்மாள். "எங்களுக்கு டெய்லி பொழுதுக்கும் இப்டித்தான்."

"வேலையே போயிடும், பாத்துக்கோ. மாகறல் ஆளுங்கள இறக்கிடுவேன்."

"துளசி பொறந்த ஊர்பா மாகறல். அங்கேர்ந்து எவ வர்றான்னு பாக்கலாம்."

ஹாரன் காதைப் பிளந்தது. பொன்னியம்மாள் பையிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வேலைநாளின் விடிகாலையில் அவள் தண்ணீர் குடித்து ஒரு வருஷம் ஆகிறது. மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் பக்கத்தில் நீட்டினாள். சத்யப்ரியா வாங்கிக் குடித்தாள். பாட்டில் கடைசி சீட்டு வரை போய்க் காலியாகத் திரும்பி வந்தது.

இனி எட்டுப் பேராலும் இறங்க முடியாது.