வெளியாள் இரும்பன்

பட்டுக்கோட்டையில் ஓர் அச்சகத்தின் மாடி. பதிப்பாளர் பஞ்சநதம் புதிய அட்டையை மேசைமேல் விரித்தார். மாத நாவலுக்கு அட்டைதான் முதலில் அச்சாகும். கதை அதற்குப் பொருந்தியாக வேண்டும்.

அட்டையில் இரும்பன் நின்றான். எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளர் வேம்பு படைத்த இயந்திர மனிதன். ஆறு நாவல்களாக டெல்டா முழுக்கப் பெட்டிக்கடைகளில் தொங்குகிறவன். இப்போது கையில் அரிவாள், பின்னால் மலைபோல் நெற்கட்டு.

"ஒரே ராத்திரியில மொத்த வயலையும் அறுத்துடுறான். எப்படி?"

வேம்பு அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் எழுதித் தந்த ஏழாம் நாவலில் அறுவடையே கிடையாது. கூலி உயர்வு கேட்டு ஊரே அரிவாளைக் கீழே வைத்திருக்கிறது. முன்னால் நிற்பவள் கண்ணாத்தாள் என்கிற கூலிக்காரி. மிராசுதாரரின் அடியாட்கள் வரும் வண்டியை இரும்பன் மறிப்பதோடு சரி. மொழிபெயர்ப்பு ரஷ்ய நாவல்களில் கொடி பிடித்துப் பனியில் நடந்த பெண்களையெல்லாம் நினைத்து நினைத்து, ஒரத்தநாட்டு வெயிலில் கண்ணாத்தாளை நடக்கவிட்டிருந்தாள் வேம்பு.

"சார், ஊரு வேலைநிறுத்தத்துல இருக்கு. அப்ப வந்து அறுக்கிறவனுக்கு எங்க தெருவுல என்ன பேரு தெரியுமா?"

"ஹீரோ."

"வெளியாளு. கூலி கேட்டவங்க வயித்துல அடிக்க மிராசுதாரர் லாரியில கொண்டாந்து இறக்குவாருல்ல, அவன். எங்கம்மா அந்த லாரி முன்னாடி படுத்தவங்க."

"இவன் கூலியே வாங்க மாட்டானேம்மா!"

"அது இன்னும் மோசம் சார்."

பஞ்சநதம் வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "கழக ஆட்சியில உக்காந்துகிட்டு ஏழைங்களுக்கு எதிரா போடுவேனா? பாவம்னு உதவி பண்றான்னு வச்சுக்கயேன். படிக்கிறவன் இரும்பனுக்காகத்தான் வாங்குறான். மனுசங்க வந்தா பக்கத்தைத் தள்ளிடுறான். கண்ணாத்தாளை நாலு வரியில முடி."

வேம்பு அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மனிதர் யார் ஆணையிட்டாலும் இரும்பன் கீழ்ப்படிவான்; அது அவள் வகுத்த விதி. அறுக்க வந்தவனைக் கண்ணாத்தாள் வரப்பில் மறிக்கிறாள். 'அருவாளைக் கீழ போடுடா' என்கிறாள். போட்டுவிடுகிறான். அட்டைப்படமும் வீணாகாது, கண்ணாத்தாளும் பிழைப்பாள்.

படித்த பஞ்சநதம் முகத்தைச் சுளித்தார். "பொம்பளை அதட்டினா அடங்குறதுக்கு எதுக்கு இரும்பு? அவ இவன் கால்ல விழுந்து கெஞ்சட்டும். இவன் மனசு இறங்கி அறுத்துக் கொடுக்கட்டும்."

தன் வேலையைப் பறிக்கச் சொல்லிக் கண்ணாத்தாளே கெஞ்சுவதா? வேம்பு தாள்களை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"இரும்பன் பேரு என் பேருல பதிவாயிருக்கு. வேற ஆளு எழுதுவான்," என்றார் பஞ்சநதம்.

"வச்சுக்குங்க. கண்ணாத்தாளைத் தர மாட்டேன்."

மறுமாதம் பேருந்து நிலையத்தில், மீரா உசேன் கடையில் ஏழாம் நாவல் தொங்கியது. நின்றபடியே புரட்டினாள். அறுப்பு இருந்தது. கோரிக்கை இல்லை, கண்ணாத்தாள் இல்லை, வயலில் ஒரு மனித நிழல்கூட இல்லை. கடைசியில் மிராசுதாரர் இரும்பனுக்கு மாலை போட, ஊர் கைதட்டியது.

"என்னம்மா, அதுக்குள்ள வச்சிட்டே? சூடா போவுதே!" என்றார் மீரா உசேன்.

"கொமட்டுது பாய்," என்று கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள் வேம்பு.