பௌர்ணமியன்று போட்ட அப்டேட்

என் கணவர் மாறனுக்கு மவுஸைக் கண்டாலே இளக்காரம். ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது அவர் வேலை. மற்றவர்களைப் போல ஒவ்வொரு ஆப்பையும் தேடிப் போய், பட்டனை அமுக்கி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போட மாட்டார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். பேக்கேஜ் மேனேஜர் என்று அதற்குப் பெயர். ஆப்பின் பெயரைச் சொன்னால் போதும், அதுவே தேடி, இறக்கி, போட்டுவிடும். இன்னொரு வரி தட்டினால் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனையையும் ஒரேயடியாகப் புது வெர்ஷனுக்கு மாற்றிவிடும். அதைத் தட்டிவிட்டு அவர் நாற்காலியில் சாய்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவர் மாதிரி இருக்கும்.

அவர் தங்கை சிந்துஜா அப்போது எங்களோடுதான் இருந்தாள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே அடி உதை எதுவும் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத வீடு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

இங்கே செங்கம் ரோட்டில் ஒரு காபிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களோடு பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். புதுச்சேரியில் ஒரு மொழிபெயர்ப்பு கம்பெனி ஆள் எடுக்கிறது, வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்று தெரியவந்தது. தேறினால் வேலையும் உண்டு, தங்க இடமும் உண்டு. கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர்கள் மறுபடி மறுபடி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பரீட்சை வரைக்கும் டைம் குடுங்க. தேறலன்னா நானே வந்துடறேன்" என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பரீட்சை பார்த்துப் பார்த்து ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து விழுந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமியன்று மத்தியானத்துக்கு மேல் செல்போனில் லைன் கிடைக்காது. மலையைச் சுற்றுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருக்கிறதே. எங்களுக்கு நெட்டும் அந்தப் போன் வழியாகத்தான். சிந்துஜா விவரமானவள். பரீட்சை ஆப்பும் பூட்டிய வினாத்தாளும் முந்தின நாளே லேப்டாப்பில் இறங்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டாள். நான்கு மணிக்கு அது தானாகத் திறந்துகொள்ளும். எழுதிவிட்டு, கூட்டம் கலைந்தபின் விடையை அனுப்பலாம்.

அந்த ஆப்பைக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய லிங்கில் போடத்தான் அவள் பார்த்தாள். அண்ணன் விடவில்லை.

"லிங்க்கெல்லாம் எதுக்கு? ஒரே கமாண்ட்ல போட்டுத் தரேன்" என்றார்.

"சரி, போட்டுக் குடு. அதுக்கப்புறம் பரீட்சை முடியற வரைக்கும் இத்த தொடாதண்ணா."

பௌர்ணமி காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது இவர் அவள் லேப்டாப்பைத் திறந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"மத்தியானத்துக்கு மேல லைன் போயிடும் ரேவதி. அதுக்குள்ள எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டா ஸ்டெடியா ஓடும்."

"அவதான் தொட வேணாம்னாளே?"

"அவளுக்கு இன்னா தெரியும்?"

தட்டினார். வரிகள் மளமளவென்று ஓடின. பழைய வெர்ஷன் ஃபைல்களைத் துடைக்கிற வரியையும் கையோடு தட்டினார். "இடம் ஜாஸ்தி அடைக்குது" என்றார். எல்லாம் சுத்தமாக முடிந்தது. தங்கைக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நான்கு மணிக்குச் சிந்துஜா ஆப்பைத் திறந்தாள். முகப்பு புதுசாக இருந்தது. இந்த வெர்ஷனுக்கு வினாத்தாளை மறுபடி இறக்க வேண்டும் என்று காட்டியது. வெளியே பாதை நிறைய ஜனம். போனில் ஒரு கோடுகூட இல்லை.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம் என்று உட்கார்ந்து தட்டினார். அந்த ஃபைலைக் காலையில் அவரே துடைத்திருந்தார். புதுசாக இறக்க லைன் வேண்டும். போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அங்கேயும் இல்லை. வண்டி எடுக்க வழியில்லை. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடினார். "எதிர்ல வராதீங்க சாமி" என்று ஆளாளுக்குச் சொன்னது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது பரீட்சை நேரம் முடிந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

சிந்துஜா மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாத்தட்டுமானு அது உன்ன கேக்கலையாண்ணா?"

"கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் கேக்கும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்காதனு நான்தான் கமாண்ட்லயே சேத்துப் போட்டுட்டேன்."

"என் கல்யாணத்துக்கும் அப்படித்தானே பண்ண."

கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கீழ்பென்னாத்தூர் வரனை அவர்தான் பார்த்தார். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்துதான் அவளுக்குச் சொன்னார். நல்ல இடம், நிலம் நீச்சு இருக்கிறது, அவளுக்கு என்ன தெரியும் என்று.

மறுநாளே கம்பெனிக்கு எழுதினார். தப்பு தன்னுடையது, தங்கைக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினார். மரியாதையாகவே பதில் வந்தது. அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான். பிறகு ராத்தூக்கம் போய்விட்டது அவருக்கு. அந்த ஒரு ஆப்பை மட்டும் மாற்றாமல் நிறுத்தி வைக்கவும் ஒரு கமாண்ட் இருக்கிறது, அது தனக்குத் தெரியும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த மாதம் சிந்துஜாவின் மாமனார் பரசுராமன் இரண்டு பெரியவர்களோடு அவளை அழைத்துப்போக வந்தார். காபி குடித்தார்கள், மழை பற்றிப் பேசினார்கள். போகலாமா என்று அவர் எழுந்தபோது, என் கணவர் எல்லார் முன்னாலும் தங்கை பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சிந்து, உனக்கு இஷ்டமா? நீ வேணாம்னா வேணாம். யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

பிறந்ததிலிருந்து அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் வாக்குக் குடுத்துட்டேன்ணா" என்று சொல்லிவிட்டு, பையை எடுக்க உள்ளே போனாள்.