மணப்பாறைப் பதிப்பு

கோடைச் சிறப்பு ரயிலில் போவதற்கு டிக்கெட் மட்டும் போதாது. கையில் ஒரு நாவல் வேண்டும். அதில் மூழ்கியும் இருக்க வேண்டும். மூழ்கியவர்களுக்கு வியர்ப்பதில்லை. தாகம் எடுப்பதில்லை. மின்விசிறி ஓடவில்லை என்று புகார் செய்யத் தோன்றுவதில்லை. அதனால் சித்திரை பிறந்ததும் இந்த விதி நடைமுறைக்கு வந்துவிடும். ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கியதும் தானாக விலகிக்கொள்ளும்.

அமுதவல்லிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவள் நாவல் படிப்பவள் அல்ல. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வது அவள் வேலை. மேலிருந்து கீழே வர வர எழுத்து சிறிதாகும். அதற்கு மேல் அதில் கதை ஒன்றும் கிடையாது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்கு அவள் மணப்பாறையில் இறங்கியாக வேண்டும். தங்கை பவளக்கொடிக்கு வளைகாப்பு. கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு உண்டான பிள்ளை. அக்காவும் தங்கையும் பேசி வருடக்கணக்காகிறது. அம்மா போனபின் தையல் மெஷின் யாருக்கு என்று சண்டை வந்தது. இருவருக்கும் தைக்கத் தெரியாது. போன வாரம் திடீரென்று போன் வந்தது.

"மொத வளையல நீதான் போடணும்," என்றாள் பவளக்கொடி. "நீ வரலேன்னா யாரும் போட வேணாம்னு சொல்லிட்டேன்."

அமுதவல்லி பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

எழும்பூரில் நடைமேடைப் புத்தகக் கடை வைத்திருந்த அம்மாள் ஒரு சிறுகதைத் தொகுப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். சிறுகதைகள் ரயிலில் செல்லாது.

"எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"மணப்பாறை."

"போனாப் போதுமா, இறங்கணுமா?"

"இறங்கணும்."

கடைக்காரம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். இது கொஞ்சம் சிக்கலான வியாபாரம்.

"சுமாரான நாவல் குடுத்தேன்னா செங்கல்பட்டுலயே பரிசோதகர் இறக்கி விட்டுடுவாரு. நல்ல நாவல் குடுத்தேன்னா மணப்பாறை வந்ததே உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் இப்பல்லாம் ஊருக்கு ஒரு பதிப்பு போடறாங்க."

அந்தக் கோடைக்கு எல்லோரும் படித்துக்கொண்டிருந்த நாவல் ஒன்றுதான். அட்டையில் ஒரு பங்களா தீப்பிடித்து எரிந்தது. ஒரு பெண் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்த்தாள். போன கோடையிலும் இதே பெண்தான் பார்த்தாள். பங்களா மட்டும் வேறு.

"கதை எல்லாத்துலயும் ஒண்ணுதான்," என்றாள் கடைக்காரம்மாள். "நடுவுல அந்த ஜமீனோட வம்சாவளி வரும். யாரு யாருக்குப் பொறந்தாங்க, யாரு யாரைத் தத்து எடுத்தாங்கன்னு. அதைப் படிக்கிறப்ப எப்பேர்ப்பட்ட ஆளும் தலையத் தூக்கிடுவாங்க. அரியலூர்ப் பதிப்புல அது அரியலூர்ல வரும். உங்களுக்கு மணப்பாறைல வரும். தலையத் தூக்குவீங்க, போர்டைப் பாப்பீங்க, இறங்கிடுவீங்க."

"ரயில் லேட்டாச்சுன்னா?"

"அது எழுத்தாளர் கையில இல்லம்மா."

அமுதவல்லி மணப்பாறைப் பதிப்பை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

பெட்டி நிறைந்திருந்தது. எல்லா முகங்களுக்கும் முன்னால் பங்களா எரிந்தது. ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திருப்பியது. எதிர் இருக்கையில் தாடி வளர்ந்த ஒரு மனிதர். காலுக்கடியில் அவருடைய பெட்டியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தது.

கறுப்புக் கோட்டுப் பரிசோதகர் செங்கல்பட்டுக்கு முன்பே வந்துவிட்டார். அவர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, "உங்க வீட்ல பால் பொங்குது," என்று மெதுவாகச் சொன்னார். யாரும் நிமிரவில்லை. அவர் திருப்தியாக அடுத்தவரிடம் போனார்.

ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண் மட்டும், "அடுப்ப அணைச்சிட்டுத்தான் சார் வந்தேன்," என்றாள்.

பரிசோதகர் அவள் புத்தகத்தை வாங்கி அட்டையை உரித்தார். உள்ளே கவிதைகள் இருந்தன.

"ஒரு பக்கம் படிச்சிட்டு ஒரு தடவ வெளிய பாக்கறீங்க. நான் அப்பலேர்ந்து கவனிச்சிட்டுத்தான் வர்றேன்."

"அப்படித்தான் சார் படிக்கணும்."

"அப்படின்னா நடந்து போங்க."

அவள் செங்கல்பட்டில் இறங்கி, உண்மையாகவே நடக்கத் தொடங்கினாள். அமுதவல்லி பயந்து போய், அவர் தன்னிடம் வருவதற்குள் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

முதல் வரியிலேயே தாசில்தார் செத்துக் கிடந்தார். பங்களாவின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. அமுதவல்லிக்கு முதுகு நேரானது. விழுப்புரம் வந்து போனதை அவள் அறியவில்லை.

ஆனால் விருத்தாசலத்துக்கு வெளியே ரயில் நின்றது. ஓட்டுநர் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தார். அந்த நிலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரயில் நின்றாலும் அமுதவல்லி நிற்கவில்லை. பக்கங்கள் ஓடின. பிறகு ரயில் புறப்பட்டு அரியலூரில் போய் நின்றபோது, வீரராகவ ஜமீனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவர் சின்ன வீரராகவர் என்று இருந்தது. அவர் தத்தெடுத்தவர் இன்னொரு வீரராகவர்.

அமுதவல்லி தலையைத் தூக்கினாள்.

நடைமேடையில் ஓர் அம்மாள் தூக்குச்சட்டியுடன் நின்றிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, தாடிக்காரரின் வாயில் தயிர்சாதத்தை ஊட்டினாள். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே மென்றார்.

"உங்க வீட்டுக்காரரா?" என்று அமுதவல்லி கேட்டாள்.

"ஆமாங்க. அவுரு அரியலூர்லதான் எறங்கணும். போன கோடைக்கு முந்தின கோடையில அரியலூர்ப் பதிப்பு தீந்து போச்சுன்னு மதுரைப் பதிப்ப வாங்கிட்டாரு. அன்னையிலேருந்து ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு போயிட்டும் வந்துட்டும் இருக்காரு." ஊறுகாயை அவர் நாக்கில் வைத்தாள். "என்னங்க, இன்னும் எவ்வளவு இருக்கு?"

"அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு," என்றார் பத்மநாபன் என்ற அந்த மனிதர், அவளைப் பார்க்காமலே.

"போன வாரமும் இதேதான் சொன்னாரு," என்றாள் அம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. சட்டியை மூடிக்கொண்டு போனாள்.

திரும்பினால் பரிசோதகர் நின்றுகொண்டிருந்தார்.

"வம்சாவளியா?"

"ஆமா சார்."

"மணப்பாறைப் பதிப்புதானே? இது அரியலூர்."

"ரயில் லேட்டு சார்."

"ரயில் லேட்டாகலாம். நீங்க நிமிரக் கூடாது. இன்னொரு தடவ நிமிந்தீங்கன்னா இறக்கி விட்டுடுவேன்."

"சார், என் தங்கச்சிக்கு வளைகாப்பு. நான் போடலேன்னா வேற யாரும் வளையல் போட மாட்டாங்க."

பரிசோதகர் யோசித்தார். "இது எத்தனாவது அத்தியாயத்துல வருது?" என்று கேட்டார். அது நாவலில் இல்லை என்று தெரிந்ததும் ஆர்வம் இழந்து போய்விட்டார்.

அமுதவல்லி வீரராகவர்களை எழுத்து எழுத்தாகப் படித்தாள், கடைக்கு வருகிறவர்கள் சுவரைப் படிப்பதைப் போல. கண்ணில் நீர் வந்தது. ஒரு தடவைகூட நிமிரவில்லை. திருச்சியை நெருங்கும்போது கடைசி வீரராகவர் வாரிசின்றி இறந்தார். அடுத்த பக்கத்தில், தாழிட்ட அறைக்கு உள்ளே இருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

அதன்பின் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மணப்பாறையில் ரயில் நின்றது. முறுக்குப் பொட்டலங்கள் ஜன்னல் ஜன்னலாக நுழைந்து, யாரும் வாங்காமல் வெளியேறின. நடைமேடையில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பவளக்கொடி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மணையில் உட்கார வேண்டியவள். அவள் புருஷன் தனராஜ், "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான்.

"அக்கா!"

அமுதவல்லி பக்கத்தைத் திருப்பினாள்.

"அண்ணி, ஊர் வந்துருச்சு," என்று தனராஜ் ஜன்னலைத் தட்டினான். அறைக்குள்ளிருந்து தட்டுவது யார் என்று அமுதவல்லிக்கு அப்போதும் தெரியவில்லை. அவள் இன்னும் வேகமாகப் படித்தாள்.

பவளக்கொடி கம்பிக்குள் கைவிட்டு அக்காவின் காதைப் பிடித்துத் திருகினாள். பலன் இல்லை. நான் தையல் மெஷினை விட்டுத் தருகிறேன் என்றாள். பலன் இல்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்போதுதான் அவள் அட்டையைப் பார்த்தாள். மாதக்கணக்காகப் படுக்கையிலேயே இருந்தவள். அந்த நாவலை அவளும் படித்திருந்தாள்.

"கொன்னது மாமியாரு, அக்கா!" என்று கத்தினாள். "தாசில்தாரோட மாமியாரு! மோர்ல வெஷம் வெச்சுக் குடுத்துட்டா! தட்டுறது பூனை!"

பெட்டி முழுவதும் பக்கம் திரும்பும் சத்தம் நின்றது.

அமுதவல்லி மெதுவாக நிமிர்ந்தாள். தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள். தங்கைக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அம்மாவைப் போலவே இருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்றாள்.

"எறங்குக்கா."

அமுதவல்லி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பத்மநாபன் இறங்கினார். பிறகு அந்தக் குடும்பம். பிறகு எல்லோரும். மாமியார் என்று தெரிந்துவிட்டபின் அந்தப் பெட்டியில் வெயில் தாங்க முடியாததாக இருந்தது.

பரிசோதகர் ஓடி வந்தார். "முடிவைச் சொல்றது பெரிய குத்தம்மா! யாரு சொன்னது?"

"நான்தான். புள்ளத்தாச்சி. புடிச்சிட்டுப் போங்க," என்றாள் பவளக்கொடி.

பரிசோதகர் கோட்டின் உள்பையிலிருந்து பாதி படித்த ஒரு நாவலை எடுத்து, வெறித்துப் பார்த்தார். "நான் சமையல்காரன்னு நெனச்சேன்," என்றார். தனராஜ் அவர் தோளைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அழைத்தான். ரயில் காலிப் பெட்டியோடு திண்டுக்கல் பக்கம் போனது.

வளைகாப்புக்கு அவ்வளவு கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருவை அடைத்துப் போட்ட பந்தலும் போதவில்லை. பவளக்கொடியை மணையில் உட்கார வைத்தார்கள். அமுதவல்லி சந்தனத்தைத் தங்கையின் கன்னத்தில் பூசினாள். முதல் வளையல் புறங்கையில் சிக்கியது. "வலிக்குதா?" என்றாள். "நீ போடு," என்றாள் தங்கை. வளையல் ஏறியது. இருவரும் கொஞ்ச நேரம் அந்த வளையலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வரிசையாக எல்லோரும் போட்டார்கள். பரிசோதகரும் பச்சையில் ஒன்று போட ஆசைப்பட்டார். ஆண்கள் போடும் வழக்கம் இல்லை என்று சொன்னதும், தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். புளிசாதம் தீர்ந்தது. எலுமிச்சை சாதம் தீர்ந்தது. பத்மநாபன் தயிர்சாதத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். மனைவிக்குப் போன் போட்டு, "நீயும் கிளம்பி வா," என்றார்.

சாப்பிட்ட பிறகும் யாரும் கிளம்பவில்லை. பாய்களில் உட்கார்ந்து பவளக்கொடியின் வயிற்றைப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண் செங்கல்பட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்து, ஓரமாக இடம் பிடித்தாள்.

"ஆணா, பொண்ணா?" என்று ரயிலில் வந்த குடும்பத்தின் தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஸ்கேன் எடுத்த டாக்டருக்குத் தெரியும்," என்றான் தனராஜ். "ஆனா சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இப்படி ஒரு சட்டம் இருப்பது எவ்வளவு நல்லது என்று பரிசோதகர் கண் கலங்கச் சொன்னார்.

"யாருக்காவது தெரிஞ்சாலும் சொல்லிடாதீங்க," என்று பின்வரிசை கேட்டுக்கொண்டது.

பந்தல்காரர் பந்தலைப் பிரிக்க வந்தார். மூங்கிலில் கை வைத்தபடியே வயிற்றைப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்தது. அமுதவல்லி பையைத் தோளில் மாட்டினாள்.

"போறியா?" என்றாள் பவளக்கொடி.

"ஒரு நாள்தான்டி லீவு. கடையில வேற ஆள் இல்ல."

"சரி," என்றாள் பவளக்கொடி. அப்போது அவள் முகம் மாறியது. வயிற்றில் கை வைத்தாள். "ஒதைக்குது," என்றாள்.

எல்லாப் பாய்களும் ஒரே நேரத்தில் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தன. அமுதவல்லி பையைப் போட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "தள்ளுங்க. நான் கூடப் பொறந்த அக்கா." முன்வரிசைக்குப் போய், தங்கையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கைக்கடியில் எதுவோ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் புரண்டது.

"உக்காருங்கம்மா, மறைக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அமுதவல்லி உட்கார்ந்தாள்.