முகம் தெரியாத எதிராளி

"யாருடி அந்த வெளிநாட்டுக்காரன்?"

என் புருஷன் வீரமணி இப்படிக் கேட்டப்ப, உடையார்பாளையத்துல எங்க வூட்டு வாசல்ல சொந்தக்காரங்க பத்துப் பேர் நின்னாங்க. அரியலூர் ஜெராக்ஸ் கடையில எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துல பக்கத்து பிரவுசிங் சென்டர்ல ஆன்லைன் செஸ் ஆடுவேன். அதைப் பார்த்த கொழுந்தன், அண்ணி கம்ப்யூட்டர்ல எவனோ வெளிநாட்டுக்காரன்கூட பழகுதுன்னு வூட்டுல பத்த வெச்சிட்டான்.

"செஸ்தாங்க ஆடினேன். அவன் பேருகூட எனக்குத் தெரியாது."

"பேரு தெரியாதவன்கூட என்னடி ஆட்டம்? ஆடணும்னா என்கூட ஆடு!"

தினமும் ஏரிக்கரையில சீட்டாடுற மனுஷன். யார்கூட ஆடினீங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. ஸ்கூல்ல மாவட்டப் போட்டியில ஜெயிச்சு வாங்கின பலகையை எடுத்து விரிச்சேன். எல்லாரும் பார்க்க ஆடினோம். பதினாலாவது நகர்த்தல்ல அவர் ராஜாவுக்குப் போக்கிடமில்ல.

பலகையை எட்டி உதைச்சார். காயெல்லாம் தெருவுல சிதறிச்சு.

முந்தின நாள் என்கிட்ட தோத்த அந்த வெளிநாட்டுக்காரன், 'நல்லா ஆடினீங்க, நன்றி'ன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணிட்டுத்தான் போனான். அவனாலதான் நான் கெட்டுப்போறேனாம்.