உன் கணவாய் எப்படி இருக்கு?

செல்லக்கனி சிரித்தால் கீழே கடை வரைக்கும் கேட்கும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷமாக செந்தூர்பாண்டிக்குத் தெரியாது. மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து, வீடு அமைதியான பிறகுதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஏனென்றால் அந்தச் சிரிப்பு புருஷனுக்கானதில்லை. மானுவேல் என்கிற ஒருத்தனுக்கானது.

அந்தப் பேரை அவள் முதலில் சொன்னபோது அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் வேலை பார்ப்பது தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில். பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னைக்காயலுக்குப் போனால் தெருவுக்கு நாலு மானுவேல் உண்டு. படகு வைத்திருக்கிற யாரோ சரக்கு விஷயமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான். "மானுவேல் அண்ணாச்சியக் கேட்டேன்னு சொல்லு" என்று ஒருநாள் பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மானுவேல் இருப்பது ஸ்பெயினில், விகோ என்கிற துறைமுக ஊரில். இங்கிருந்து உறையவைத்து அனுப்புகிற கணவாய் மீன் பெட்டிகளை அங்கே இறக்கிச் சரிபார்க்கிறவன். இங்கிலீஷ் அரைகுறை. அதனால் முதலாளி செல்லக்கனியை ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்.

அவளும் போனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு, 'பையன் ரொட்டி தின்கிறான்' என்று மனப்பாடம் செய்து பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. மானுவேல்தான், அதைத் தூக்கிப் போடு, என்னோடு விளையாடு என்றானாம். ஆளுக்கு ஒரு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும், எது பொய் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் ஸ்பானிஷில். வார்த்தை தெரியாமல் அவள் முழித்தால், அபராதமாக அவனுக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லித்தர வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்துவிடும். செந்தூர்பாண்டி கீழே மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பான். மேலே வீட்டிலிருந்து சிரிப்பு படியிறங்கி வரும். சாமான் வாங்க வந்த அடுத்த தெரு பிலோமினா, "அண்ணாச்சி, மதினி யாருட்டப் பேசி இப்பிடிச் சிரிக்காவ? எங்க வீட்டுக்காரருக்கும் அந்த வித்தயக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"வேலை விஷயம்" என்றான். வேலை விஷயத்துக்கு எவள் அப்படிச் சிரிப்பாள்? வயிறு எரிந்தது. பிலோமினா கடுகு கேட்டதற்கு வெந்தயத்தைக் கட்டிக் கொடுத்தான்.

சந்தேகம் என்று சொன்னால் அது பொய். செல்லக்கனியை அவன் சந்தேகப்படவில்லை. பட்டிருந்தால் சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும், அவ்வளவுதான். கூடவே குடும்பம் நடத்தியவனுக்கு இருப்பதே தெரியாத ஒன்றை, எவனோ கடல் தாண்டி இருந்துகொண்டு அனுபவிக்கிறானே என்கிற ஆத்திரம்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டே விட்டான். "ஏளா, என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்ச?"

அவள் ஆசையாக விளக்கினாள். கசாதா என்றால் கல்யாணமானவள். கன்சாதா என்றால் களைத்துப்போனவள். களைப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்து, கல்யாணமாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். ரெண்டும் ஒன்றுதானே என்றானாம் மானுவேல். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். செந்தூர்பாண்டி ரசத்தைப் பார்த்துக்கொண்டே "ஓகோ" என்றான். களைத்துப்போகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடியை எடுக்க மேலே போனபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஒரு ஆண்குரல் திக்கித் திணறித் தமிழ் பேசியது.

"செல்லா, உன் கணவாய் எப்படி இருக்கு? நல்ல கணவாயா?"

செல்லா! தாலி கட்டியவன்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கணவாய் என்று தன்னைத்தான் கேட்கிறான் என்று புரிய அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கணவர், கணவாய் இரண்டையும் அபராதமாக வாங்கி வைத்திருந்தவன், வீட்டில் இருக்கிறதையும் பெட்டியில் வருகிறதையும் குழப்பிவிட்டான். செல்லக்கனி திருத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, பாதி தனக்கே சொல்வதுபோல், "ஐஸ்ல வச்ச கணவாய்தான். ஒறஞ்சு போய்க் கெடக்கு" என்றாள்.

செந்தூர்பாண்டி போனை வாங்கி அணைத்தான். "வேலைய ஆபீஸ்ல வச்சுப் பேசு. இந்த வெளையாட்டு வீட்ல வேண்டாம்."

கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வேண்டாம். அந்த நேரத்துக்கு நீங்க எங்கூடப் பேசுங்க."

மறுநாள் விளக்கு வைத்ததும் கடையைச் சாத்திவிட்டு மேலே ஏறினான். ஜெயித்தவன் நடை. அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கேஸ் புக் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"மக பேசினாளா?"

"பேசினா."

"ஏரல்ல அத்த வீட்டு விசேசத்துக்குப் போணும்."

"போவோம்."

அதோடு தீர்ந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓயாமல் பேசுகிறவன், பொண்டாட்டி முன்னால் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் உட்கார்ந்திருந்தான். அவள் கை கொடுக்கவில்லை. காத்திருந்தாள். அடுத்த நாளும் இதே கதை. அதற்கும் அடுத்த நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"அவன் போன் பண்ணினதும் மொதல்ல என்ன கேப்பான்?"

"இன்னைக்கு எதப் பாத்துச் சிரிச்சேன்னு கேப்பாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற யாரும் ஏன்ட்ட அதக் கேட்டதில்ல."

செந்தூர்பாண்டி தொண்டையைக் கனைத்தான். "இன்னைக்கு... எதப் பாத்துச் சிரிச்ச?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முந்தாநாள்லருந்து பொண்ணு பாக்க வந்த மாப்பிள கணக்கா வந்து உக்காருதியளே, அதப் பாத்துத்தான். ஆபீஸ்ல நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்." சொல்லி முடிக்குமுன்னே பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அதே சிரிப்பு. தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாங்கிக் கொடுத்த கேள்வி மானுவேலுடையது என்று நினைத்ததும் வயிறு பழையபடி எரிந்தது.

"நாளைக்கு அவனக் கூப்பிடு" என்றான். "இன்னும் என்னெல்லாம் கேப்பான்னு நானும் பக்கத்துல இருந்து கேக்கணும்."